உங்கப்பா என்னைத் தடுக்கவில்லை

சேகரு, இந்தக் கடிதத்தை உன் டிபன் கேரியரில் மேல் தட்டுக்கும் மூடிக்கும் நடுவில் மடித்து வைக்கப் போகிறேன். நாளைக்கு மத்தியானம் கம்பெனி கேன்டீனில் நீ மூடியைத் திறக்கும்போது கையில் வரும். முதலில் சாப்பிடு, அப்புறம் படி. வெறும் வயிற்றோடு படிக்கிற சமாச்சாரம் இல்லை இது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு பெற்ற பிள்ளைக்கு எதற்கு லெட்டர் என்று உன் கூட்டாளிகள் கேட்டால், எங்கம்மா அஞ்சாவது படிச்சவங்க, எழுத வரும்னு காட்டிக்கிறாங்க என்று சொல்லிக்கொள். அதில் பாதி நிஜமும் இருக்கிறது. என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று என் வாத்தியார் சொன்னதை நான் இன்னும் மறக்கவில்லை. மீதிப் பாதி என்னவென்றால், எனக்குத் தைரியம் இல்லை. இன்றைக்கு மத்தியானம் உனக்குச் சோறு போடும்போது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். திறந்த வாயால் "ரசம் போதுமா நைனா" என்று கேட்டுவிட்டு மூடிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை மூன்று மணியோடு வாபஸ் வாங்குகிற நேரம் முடிகிறது. அதற்குள் உன் பெண்டாட்டி ரேவதி தன் தேர்தல் மனுவை வாபஸ் வாங்கிவிடுவாள். அவளை அந்த இடத்துக்குத் தள்ளியதில் உனக்குப் பாதி பங்கு, எனக்கு முக்கால் பங்கு. கணக்கு இடிக்கிறதே என்று பார்க்காதே. எனக்குக் கணக்கு எப்போதும் வராது.

இன்றைக்குக் காலையில் நாட்டாமையும் பழைய தலைவர் வரதனும் இன்னும் நாலு பெரியவர்களும் வந்து நம்ம கூடத்தில் உட்கார்ந்தார்களே, நான் சமையல்கட்டு வாசப்படியில் நின்று ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன். பஞ்சாயத்துத் தலைவர் பதவியை இந்தத் தடவைதான் முதல் முதலாகப் பெண்களுக்கென்று ஒதுக்கியிருக்கிறார்கள். நம்ம ரேவதி மனுப் போட்டிருக்கிறாள், வரதனின் மருமகள் மனுப் போட்டிருக்கிறாள், வேறு யாரும் இல்லை. பொம்பளை சீட்டைப் பற்றிப் பேச வந்த ஆறு பேரும் ஆம்பளைகள். நிற்கிற ரெண்டு பேரில் ஒருத்தி உள்ளே ஆறு டம்ளருக்குக் காபி ஆற்றிக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி அவள் வீட்டில் யாருக்கு ஆற்றிக்கொண்டிருந்தாளோ. நாட்டாமை உன்னிடம், "இன்னாப்பா சேகரு, ஊரு ரெண்டா நின்னு அடிச்சிக்கணுமா? வரதன் மருமவளுக்கு உட்டுக் குடுத்துடு. போட்டியில்லாம அன்னபோஸ்ட்டா முடிஞ்சா ஊருக்கும் மருவாதி, உனக்கும் மருவாதி. அடுத்த வாட்டி பொது சீட்டா வரும், அப்ப உன் பின்னால நாங்கல்லாம் நிக்கிறோம்" என்றார். அடுத்த வாட்டி என்றதும் உன் மீசை ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டதை நான் பார்த்தேன். நீ சிரிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பாய். சிரித்தாய். அப்புறம் சொன்னாய்: "எனக்கு ஒண்ணும் இல்ல பெரிப்பா. ரேவதி இஷ்டம். எங்கப்பா எங்கம்மாவை இஸ்துகினு போயி வாபஸ் வாங்க வெச்ச மாதிரி நான் பண்ண மாட்டேன்."

எங்கப்பா மாதிரி. இந்தப் பேச்சை நீ இன்றைக்கு மட்டும் பேசவில்லை. கம்பெனி கேட் மீட்டிங்கில் மைக் பிடித்தாலும் பேசுகிறாய், கல்யாண வீட்டுப் பந்தியிலும் பேசுகிறாய். "எங்கம்மா அப்பவே தலைவராயிருப்பாங்க, எங்கப்பாதான் உடல" என்று. உன் மகள் ரெண்டாவது படிக்கிற குட்டி, அவளும் பள்ளிக்கூடத்தில் "எங்க ஆயா எலக்‌ஷன்ல நின்னுது, தாத்தாதான் ஒக்கார சொல்லிட்டாரு" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். டீச்சரம்மா கடைத்தெருவில் என்னைப் பார்த்துக் கைகூப்பினார்கள். நானும் பதிலுக்குக் கைகூப்பினேன். கூச்சமே இல்லாமல் கூப்பினேன். சேகரு, உங்கப்பா என்னைத் தடுக்கவில்லை. அந்தக் கதையைக் கட்டினவள் நான். இதை எழுதத்தான் நான் உட்கார்ந்தேன்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். அப்போது நீ ஐ.டி.ஐ. படித்துக்கொண்டிருந்தாய். பல வருஷம் கழித்துப் பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது. வரதன் மனுப் போட்டார், எதிர்த்து உங்கப்பா போட்டார். மனு எழுதிக் கொடுத்தவர்தான், "அண்ணி பேர்லயும் ஒரு டம்மி போட்டு வைங்கண்ணே, உங்களுது ஏதாச்சும் தள்ளுபடி ஆச்சுன்னா கையில ஒண்ணு இருக்கும்" என்றார். வண்டியில் ஸ்டெப்னி டயர் கட்டி வைப்பது மாதிரி. ஒருத்தர் ஒரு மனுவுக்குத்தான் முன்மொழியலாம். டம்மிக்குப் போய்த் தன் கையெழுத்தை வீணாக்க எந்த ஆம்பளைக்கும் மனசில்லை. பின்கட்டில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்த கன்னியம்மாவைக் கூப்பிட்டார்கள். நம்ம நிலத்தில் நாற்று நட்டவள், நிலத்தை விற்ற பிறகும் ஏதாவது வேலையிருந்தால் வந்துகொண்டிருந்தவள். அவளுக்குக் கையெழுத்து வராது, கைநாட்டு. கைநாட்டை ஆபீசர் முன்னால்தான் வைக்கணும் என்பதால் அவளும் எங்களோடு பஞ்சாயத்து யூனியன் ஆபீசுக்கு வந்தாள். குமணன்சாவடியில் பஸ் மாறும்போது, "எக்கா, என் கட்டை வெரலுக்கு இம்மாம் கிராக்கியா?" என்று சிரித்தாள்.

பரிசீலனை அன்றைக்கு ஆபீசர் உங்கப்பாவின் மனுவைத் தள்ளிவிட்டார். அவரை முன்மொழிந்த உன் அத்தை வீட்டுக்காரர் தன் ஓட்டை எப்போதோ வேறு ஊருக்கு மாற்றிக்கொண்டிருந்தார், அது அவருக்கே ஞாபகம் இல்லை. அடுத்ததாக ஆபீசர் என் பெயரை முழுசாகப் படித்தார். அஞ்சாங்கிளாஸ் வருகைப் பதிவுக்குப் பிறகு என் பெயரை முழுசாக ஒருவர் உரக்கப் படித்தது அன்றைக்குத்தான். ரேஷன் கார்டில்கூட நான் இன்னாருடைய மனைவி. "ஏற்றுக்கொள்ளப்பட்டது" என்றார். கன்னியம்மா என் முழங்கையை ஒரு கிள்ளு கிள்ளினாள். வெளியே வந்து ரெண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தோம். அதற்கு முன்னால் நாங்கள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்ததில்லை. ஏன் என்று உனக்குத் தெரியும்.

அதற்கப்புறம் ரெண்டரை நாள். சின்னம்கூட ஒதுக்கவில்லை, நோட்டீஸ் இல்லை, ஒன்றும் இல்லை. ஆனால் தெருவில் பெண்கள் என்னைப் பார்த்த பார்வை மாறிவிட்டது. கன்னியம்மா என்னை அவர்கள் தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அவள் வீட்டுக்குள் போய்ப் பாயில் உட்கார்ந்து சொம்பில் தண்ணீர் வாங்கிக் குடித்தேன். இருபது வருஷமாக அவள் நம்ம வீட்டுக்கு வந்து போனவள், நான் அவள் வீட்டுக்குள் போனது அன்றைக்குத்தான். முப்பது பெண்கள் இருப்பார்கள். ரோடு கேட்கவில்லை, லைட்டு கேட்கவில்லை. அவர்கள் காலைக்கடனுக்கு ஒதுங்குகிற தோப்பை யாரோ பிளாட் போட வளைத்து முள்கம்பி கட்டிவிட்டார்கள். இருட்டு விலகுவதற்குள் பெங்களூர் ரோட்டோரம்தான் போகணும். லாரி வெளிச்சம் அடிக்கும்போதெல்லாம் எழுந்து நிற்கணும். "உக்கார்றதும் எய்ந்திருக்கிறதுமா கீறோம்க்கா, டிரில் மாதிரி" என்று ஒரு கிழவி சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்கினதும் கன்னியம்மாவின் மகள் தேவி, பதினைந்து வயசு இருக்கும், மெதுவாக, "ஆம்பளைங்க தலைவரா கீறப்ப இத்தப் போயி இன்னான்னு கேக்கறது?" என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் வந்தா மொத வேலை அதாண்டி" என்றேன். பொய்க்குச் சொல்லவில்லை. அந்த நிமிஷம் அது சத்தியம்.

வாபசுக்கு முதல் நாள் சாயந்திரம் நாட்டாமை வந்தார், கூட வரதன். வரதனுக்குத்தான் பெரிய சங்கடம். பொம்பளையை எதிர்த்து ஜெயித்தாலும் கேவலம், தோற்றால் அதைவிடக் கேவலம். ஒளிவுமறைவு இல்லாமல் பேசினார்கள். நான் வாபஸ் வாங்கினால் ஆடி மாசம் அம்மனுக்குக் கூழ் வார்க்கும்போது முதல் மரியாதை, பரிவட்டம், நம்ம வீட்டுக்கு. உங்கப்பாவுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று நீ அறியமாட்டாய். அவருடைய அப்பா காலத்தில் நம்ம வீட்டை விட்டுப் போன மரியாதை. ஒவ்வொரு ஆடிக்கும் அவர் கூட்டத்தில் பின்னால் நின்று, அடுத்தவன் தலையில் துணி கட்டுவதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுப்பார். ஆனாலும் அன்றைக்கு அவர், "மனு அவ பேர்ல கீது. அவளைக் கேளுங்க" என்றார். நாட்டாமை என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து, "இன்னாம்மா சொல்றே?" என்றார். நான், "யோசிச்சு சொல்றேங்க" என்றேன்.

அவர்கள் போனதும் உங்கப்பா வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, "இன்னாமே, நிக்கறதுன்னா நில்லு. நான் எதுவும் சொல்ல மாட்டேன்" என்றார். அவ்வளவுதான். திட்டவில்லை, கை ஓங்கவில்லை, வாபஸ் வாங்கு என்று ஒரு சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. எதுவும் சொல்ல மாட்டேன் என்று சொன்னார், சொன்னபடி எதுவும் சொல்லவில்லை. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் பரிவட்டத்து ஆசை இருந்தது, மறைக்கத் தெரியாத முகம் அவருக்கு. ஆனால் முகம் ஆசைப்பட்டதற்கு மனுஷன் என்ன செய்வார்? நிஜத்தைச் சொல்கிறேன், அந்த ஆசையைப் பார்த்ததும் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. எனக்குப் பயம் அப்படி. மைக்கில் என்ன பேசுவேன், ஆபீசர் இங்கிலீஷில் கேட்டால் எப்படி விழிப்பேன், கூட்டத்தில் எந்த நாற்காலியில் உட்காருவேன், நான் உட்கார்ந்தால் நாட்டாமை நிற்பாரா என்று ரெண்டு நாளாக இதே நினைப்பு. ஓடுவதற்கு ஒரு சந்து தேடினேன், அவர் முகத்தில் கிடைத்தது.

மறுநாள் யூனியன் ஆபீசில் கையெழுத்துப் போட்டேன். கண்ணாடி போட்ட சின்ன வயசு ஆபீசர். பேனாவை என் கையில் கொடுத்துவிட்டு, "உங்க இஷ்டத்தோடதானம்மா? யாராவது கட்டாயப்படுத்தினாங்களா?" என்று கேட்டார். உங்கப்பா ரூமுக்குள்ளேயே வரவில்லை, வெளியே வேப்ப மரத்தடியில் நின்றார். "என் இஷ்டந்தான் சார்" என்றேன். அந்தப் பதிலில் பொய் இல்லை. பொய் அதற்கப்புறம்தான். நாங்கள் திரும்பி வருவதற்குள் ஊருக்குச் செய்தி வந்துவிட்டது. நம்ம வாசலில் கன்னியம்மாவும் பத்துப் பன்னிரண்டு பெண்களும் நின்றிருந்தார்கள். நீ சைக்கிளில் ஒரு கால் ஊன்றி நின்றாய். "இன்னாக்கா, வாபஸ் வாங்கிகினியாமே?" என்று கன்னியம்மா கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை, நம்பாமல் கேட்டாள். என் வாய் தானாகச் சொன்னது: "நான் இன்னாம்மா பண்ணுவேன்? அவரு உடமாட்டேன்ட்டாரு."

உங்கப்பா எனக்குப் பின்னால், நடையில் நின்று சொம்பில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்த சொம்பு அப்படியே நின்றது. ஒரு மூச்சு நேரம். அப்புறம் மீதித் தண்ணீரையும் குடித்து முடித்து, சொம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு அத்தனை பெண்களுக்கும் நடுவில் இறங்கிப் போனார். யாரும் வழி விடவில்லை, இடித்துக்கொண்டுதான் போனார். நீ அவரைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. கன்னியம்மா என்னிடம், "போவுதுக்கா, நீ இன்னா பண்ணுவ" என்று எனக்கு ஆறுதல் சொன்னாள். எனக்கு! நான் அதையும் வாங்கிக்கொண்டேன்.

ஆடியில் உங்கப்பா தலையில் பரிவட்டம் கட்டினார்கள். பம்பை அடித்தார்கள், நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றேன். அவர் முகத்தில் நான் எதிர்பார்த்த சந்தோஷம் இல்லை. ஐப்பசி மழையில் ஒரு விடிகாலை, ரோட்டோரம் போன தேவியை லாரி அடித்தது. உயிர் தப்பியது, இடது கால் போய்விட்டது, முட்டிக்குக் கீழே. நான் தலைவராகியிருந்தால் அதற்குள் கழிப்பறை கட்டியிருப்பேனா? தெரியாது. அரசாங்க வேலை எட்டு மாசத்தில் நடக்குமா? நடந்திருக்காது என்றுதான் இத்தனை வருஷமாக எனக்கு நானே வாதாடிக்கொள்கிறேன். ஆனால் கேட்டிருப்பேன். ஒருத்தியாவது அந்த மேஜையில் கையைத் தட்டிக் கேட்டிருப்பாள். நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன், வார்டு வாசல் வரைக்கும். உள்ளே கன்னியம்மாவின் முதுகு தெரிந்தது. வாங்கிப் போன ஆரஞ்சுப் பழத்தை நர்சம்மாவிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டேன். அதற்கப்புறம் அவள் நம்ம வீட்டு வேலைக்கு வருவது நின்றது. அந்தத் தெருப்பக்கம் நான் போவதும் நின்றது. வரதன் கடைசியில் ஒரு கழிப்பறை கட்டினார், உனக்குத் தெரியும். அதில் பஞ்சாயத்து பைப்புகளை அடுக்கிப் பூட்டு போட்டிருக்கிறார்கள்.

இந்த நடுவில் நீ உங்கப்பாவோடு பேசுவதை விட்டாய். "சாப்பாடு ரெடி", "போன் வந்துது" என்பதைத் தவிர அவரிடம் உனக்குப் பேச்சு இல்லை. உன் கல்யாணத்தில் கூட ஆசீர்வாதம் வாங்கும்போது என் காலைத் தொட்டாய், அவர் பக்கம் சும்மா குனிந்தாய். அவர் கடைசியாகப் படுத்திருந்த நாலு மாசத்தில் ஒரு நாள் நான் அவரிடம், "சேகர் கிட்ட நான் சொல்லிடட்டுமா?" என்று கேட்டேன். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது, ஆனாலும் புரிகிற மாதிரிதான் சொன்னார்: "உடுமே. பையன் உன் மேலயாச்சும் பாசமா கீறானே." அந்தச் சொல்லை நான் எப்படித் தாங்கினேன் என்று கேட்காதே. தாங்கவில்லை. அவர் போய் மூன்று வருஷம் ஆகிறது. அவர் செய்யாத குற்றத்துக்கு நீ அவருக்குத் தண்டனை கொடுத்தாய், நான் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நீ அவரை மன்னிக்க ஒன்றும் இல்லை நைனா. என்னை மன்னிப்பது உன் பாடு. நான் அதைக் கேட்கவில்லை.

நான் அறிந்து எத்தனை தேர்தல் பார்த்திருக்கிறேன். எப்போதும் பொம்பளைகள் வரிசைதான் நீளம். வெயிலில் முக்காடு போட்டு, இடுப்பில் பிள்ளையோடு நிற்போம். உள்ளே போய்ச் சீட்டைப் பிரித்தால் அதில் ஒரு பொம்பளை பேர் இருக்காது. பஞ்சாயத்து ஆபீசில் தலைவர்கள் பேரை எழுதி வைத்திருக்கிற பலகையில் மேலிருந்து கீழ் வரைக்கும் ஆம்பளை பேர்தான். நானும் எல்லாரையும் போல, ஆம்பளைங்க விடமாட்டேங்கிறாங்க என்றுதான் சொல்லிக்கொண்டு வந்தேன். விடாதவர்கள் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பலகையில் என் பேர் வராததற்கு வேறு காரணம். எனக்குப் பக்கத்தில் இருந்தவர் "எதுவும் சொல்ல மாட்டேன்" என்று நகர்ந்துகொண்டார். நான் "அவரு உடல" என்று அவர் பின்னால் ஒளிந்துகொண்டேன். ரெண்டு பேரும் சேர்ந்து காலி பண்ணின இடம் அது.

இனி இன்றைக்கு நடந்தது. பெரியவர்கள் எழுந்து போனதும் நீ கல்யாண வரவேற்புக்குக் கிளம்ப, துணி இஸ்திரி போட உட்கார்ந்துவிட்டாய். ரேவதி என் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தாள். "அத்தை, நீங்க இன்னா சொல்றீங்க?" என்று கேட்டாள். எக்ஸ்போர்ட் கம்பெனியில் நாற்பது பெண்களுக்காக சூப்பர்வைசரிடம் நின்று பேசி பாத்ரூம் நேரத்தைக் கூட்டி வாங்கினவள் அவள். எனக்கு அவளை நினைத்தால் பெருமை, நாலு பேரிடம் சொல்லிக்கொள்வேன். அப்படிப்பட்டவளிடம் நான் சொன்னேன்: "உட்டுடும்மா. குழந்தை சின்னது. நீ ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சா ஊடு இன்னாத்துக்கு ஆவும்? சேகரும் அடுத்த வாட்டி நிக்கணும்னு ஆசைப்படறான்." அவள் கீரைத்தண்டை உடைத்துக்கொண்டே, "சரி அத்தை" என்றாள். அந்த சரியில் என் பழைய நிம்மதி இருக்கிறதா என்று அவள் முகத்தைத் தேடிப் பார்த்தேன். இல்லை. அவளுக்குப் பயம் இல்லை, சேகரு. அவள் பயந்து விலகவில்லை, நமக்காக விலகுகிறாள். இது எனக்கு உறைக்க அரை மணி நேரம் ஆனது.

நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று மத்தியானம் முழுக்க யோசித்தேன். குழந்தைக்காக என்றது பொய், குழந்தையை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். உனக்காக என்றதும் முழு நிஜம் இல்லை. ரேவதி நின்று ஜெயித்து அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால், நிற்கலாம், உட்காரலாம் என்று ஊருக்கே தெரிந்துவிடும். அப்புறம் பத்து வருஷத்துக்கு முன்னால் நான் ஏன் உட்காரவில்லை என்று ஒரு நாள் யாராவது கேட்பார்கள். என்னால் முடியாததை என் மருமகள் செய்யக் கூடாது என்று என் அடிவயிற்றில் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். எழுதக் கை கூசுகிறது. ஆனால் பாதிக் குற்றத்தை எழுதி மீதியை மறைத்தால் மறுபடியும் அதே பொம்பளைதான் நான். இன்னொன்றும் உனக்குத் தெரியணும். ரேவதியை முன்மொழிந்து கையெழுத்துப் போட்டிருப்பது தேவி. ரேவதியின் எக்ஸ்போர்ட் கம்பெனியில்தான் அவளும் உட்கார்ந்து நூல் பிசிர் வெட்டுகிறாள். ரேவதி அதை என்னிடம் சொல்லவில்லை, மனு நகலைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். தாய்க்குச் செய்ததை மகளுக்கும் செய்ய நான் இன்றைக்குக் கீரை ஆய்ந்துகொண்டே ஏற்பாடு பண்ணிவிட்டேன்.

சாயந்திரம் நீ கிளம்பிப் போனதும், ரேவதி குழாயடியில் துணி அலசும்போது போய் நின்று, உனக்கு இங்கே எழுதினது எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். மாமா தடுக்கவில்லை, நான்தான் ஓடினேன் என்று. அவள் குழாயை மூடினாள். திட்டுவாள் என்று நினைத்தேன். ரொம்ப நேரம் ஈரத்துணியைப் பிழிந்தபடியே இருந்தாள், அதில் தண்ணீர் இல்லாமல் போன பிறகும் பிழிந்தாள். அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "நான் நின்னா நீங்க எனக்கு ஓட்டுப் போடுவீங்களா அத்தை?" போடுவேன் என்றேன். ஆனால் உடனே சொல்லவில்லை சேகரு. ஒரு நொடி தாமதம். அந்த ஒரு நொடியை அவள் கவனித்துவிட்டாள். "அவருகிட்டயும் இதேதான் கேக்கணும்னு கீது, ஆனா அவரு உன் இஷ்டம்னு சொல்லிடுவாரு" என்று சொல்லிவிட்டுத் துணியை உதறிக் கொடியில் போட்டாள்.

அதனால் உனக்குப் புத்தி சொல்ல இதை எழுதவில்லை, அந்த யோக்கியதை எனக்கு இல்லை. கேட்கிறேன். நாளைக்கு சாயந்திரம் வீட்டுக்கு வந்ததும் உன் இஷ்டம் என்ற சொல்லை அவளிடம் எடுக்காதே. அது நல்லவன் பேசுகிற பேச்சு மாதிரி இருக்கும். உங்கப்பாவும் அப்படித்தான் நல்லவராக வெற்றிலை மடித்தார். நில்லு என்று சொல்வதானால் வாயைத் திறந்து நில்லு என்று சொல், நாட்டாமை காதுக்குப் போகிற மாதிரி சொல். அடுத்த வாட்டி உனக்கு அந்த சீட்டு வேணும், அதுக்காக இவள் விலகணும் என்று மனசில் இருந்தால் அதையும் அவள் முகத்தைப் பார்த்துச் சொல். அப்போதாவது அவள் எதிரில் ஒரு ஆள் நிற்பான். அவள் சண்டை போடலாம், மீறலாம். யாருமே இல்லாத இடத்தில் அவள் யாரை மீறுவாள்?

என் பங்கை நான் பார்த்துக்கொள்கிறேன். காலையில் உன்னை அனுப்பிவிட்டு, குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, கன்னியம்மா வீட்டுக்குப் போகிறேன். நீ இதைப் படிக்கிற நேரத்துக்கு நான் அங்கே இருப்பேன். உங்கப்பா பேரில் ஏற்றின பொய்யை அவளிடமும் தேவியிடமும் இறக்கி வைக்கணும். உள்ளே வா என்பாளோ, துடைப்பத்தை எடுப்பாளோ தெரியாது. எதற்கும் அங்கேயே உட்கார்ந்திருப்பேன். எத்தனை நேரம் ஆனாலும் இந்தத் தடவை பழத்தை யாரிடமும் கொடுத்துவிட்டு ஓடி வர மாட்டேன். நீ வரும்போது வீட்டில் நான் இல்லாவிட்டால் தேடாதே. ரேவதி இருப்பாள். முதலில் அவளிடம் பேசு.